அப்பா வழி

அந்தக் குடும்பத்தில் பெண்ணாகப் பிறப்பது லேசுப்பட்ட காரியமல்ல. தாத்தாவுடன் பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். அவருக்குப் பிறந்த மூன்றும் ஆண்கள். அந்த மூவரில் மூத்தவருக்குப் பெண் பிறந்திருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற ஆண்கள் கூட்டத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கவுன் வாங்கப் போன அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் ஆளுக்கொரு அளவில் வாங்கி வந்தார்கள். அதில் ஒன்று அவளுக்கு எட்டு வயதில்தான் பொருந்தியது.

அப்படித் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி வளர்த்ததில், வாய் ஓயாத ஒரு ஜீவன் அந்த வீட்டில் உருவானது. பேச ஆரம்பித்த நாளிலிருந்து எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்டதால் அவளுக்குக் ‘கேள்வி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வயதாகி, பள்ளிக்கூடம் போகும் மகளுக்குத் தாயான பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர்கூட, கோபம் வந்தால் மட்டும் அப்படிக் கூப்பிடுவார்.

குடும்பத் தொழில், ஊராருக்கு வீடு மாற்றித் தருவது. இரண்டு லாரிகள், ஒரு கொட்டகை, மலைபோல் அட்டைப்பெட்டிகள், கயிறுகள். அப்பாதான் முதலாளி. சின்ன சித்தப்பா பெரிய லாரியை ஓட்டுவார். அவருடைய மகன்கள் இருவரும் சாமான் தூக்குவார்கள். கேள்வியின் வேலை, முதல் ஆளாகப் போய் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எத்தனை பெட்டி வேண்டும், எத்தனை ஆள் வேண்டும், கட்டில் படிக்கட்டில் திரும்புமா திரும்பாதா என்று சொல்வது. அடுத்தவர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்ப்பதற்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் அவளுக்கு வேறென்ன வேண்டும்? “அதுல ஒண்ணுமில்லைங்க” என்று வீட்டுக்காரர்கள் எந்த அலமாரியைக் காட்டிச் சொல்கிறார்களோ, அதைத்தான் அவள் முதலில் திறக்கச் சொல்வாள். லாரியில் பாதி இடத்தை அதுதான் அடைக்கும் என்பது அவள் அனுபவம்.

ஊர் வீட்டையெல்லாம் குடைந்து பார்ப்பவள் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் அசமந்தமாக இருந்தாள். அடிவயிற்றில் ஒரு கனம். சாப்பிடாமலே சாப்பிட்டதுபோல் ஒரு நிறைவு. இடுப்பு நாடாவைத் தளர்த்திக்கொண்டே வந்தாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. கணவர்தான் ஒருநாள் கடையை அடைத்துவிட்டு வந்து, கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

பெண்கள் மருத்துவர் ஐம்பதைத் தாண்டியவர், அவசரப்படாதவர். ஸ்கேன் திரையை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். இடது சினைப்பையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. பார்க்கச் சாதுவாகத்தான் இருக்கிறது, இந்த மாதிரி எத்தனையோ பேருக்கு வந்து தானாகவே கரைந்து போகிறது, சில மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால் போதும் என்றார். அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் கேள்வியும் வந்துவிட்டது.

டாக்டர் தன் பங்குக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டார். எந்த வயதில் பெரியவள் ஆனாள், எத்தனை குழந்தை, தாய்ப்பால் கொடுத்தாளா, கருத்தடை மாத்திரை சாப்பிட்டதுண்டா, சிகரெட் பழக்கம் உண்டா, சர்க்கரை உண்டா, கருப்பை வாய்ப் பரிசோதனை எப்போது செய்தாள். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “அது எதுக்கு டாக்டர்?” என்று அவள் திருப்பிக் கேட்டாள். நாலைந்து தடவை ஆனதும் டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வெளியே காத்திருந்தவர்கள் பாவம்.

அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டது ஏராளம். ‘பெண்களுக்கு வருகிற புற்றுநோய்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததை டாக்டர் பிரித்துப் போட்டார். கருப்பை வாயில் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் ஒரு வைரஸ், சிகரெட் அதற்கு ஒத்து ஊதும், அதைத் தடுக்கத் தடுப்பூசியே இருக்கிறது. கருப்பைக்குள் வருவதில் உடல் பருமனுக்கும் சர்க்கரைக்கும் பங்கு உண்டு, மாதவிலக்கு நின்றுபோன பிறகு மறுபடி ரத்தம் பட்டால் அன்றைக்கே ஓடி வர வேண்டும். சினைப்பை அழுத்தக்காரி, வெளியே எதையும் காட்டிக்கொள்ள மாட்டாள். மாதாமாதம் முட்டை விட்டு விட்டு உழைக்கிறவள் அவள். கர்ப்பமும் தாய்ப்பாலும் கருத்தடை மாத்திரையும் அவளுக்கு லீவு கொடுக்கின்றன, லீவு கிடைத்தவளுக்கு ஆபத்து கொஞ்சம் குறைவு. இதில் எதுவும் தீர்ப்பு இல்லை, கூட்டுவதும் குறைப்பதும்தான் என்றார் டாக்டர்.

டமாக்சிஃபென் என்ற மாத்திரை சாப்பிட்டிருக்கிறாளா என்றும் கேட்டார். அது மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு வருஷக்கணக்கில் கொடுப்பது. மார்பைக் காக்கும், ஆனால் மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கருப்பையில் ஆபத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடும். ஓர் இடத்தைக் காவல் காத்துக்கொண்டே இன்னோர் இடத்தில் வம்பு இழுக்கிற மாத்திரையா என்று அவளுக்கு ஒரே ஆச்சரியம். பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள்.

கடைசியாகக் குடும்பம். அம்மா வழியில் எல்லாரும் பல் விழும் வரை வாழ்ந்தவர்கள் என்றாள். அப்பா வழியில்? அவள் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள், அப்பா வழியில் எந்தப் பெண்ணுக்கும் இந்த மாதிரி வந்ததே இல்லை என்று.

அப்பாவுடன் பிறந்த பெண்கள் எத்தனை பேர் என்று டாக்டர் கேட்டார். ஒருத்தரும் இல்லை. தாத்தாவுடன் பிறந்தவர்கள்? அதிலும் இல்லை. “நான்தான் முதல் பொண்ணு டாக்டர்.”

டாக்டர் அவளையே பார்த்தார்.

“அப்போ வந்ததில்லைன்னு சொல்லாதீங்கம்மா. வர்றதுக்கு ஆள் இல்லைன்னு சொல்லுங்க.”

அவளுக்குச் சுரீர் என்றது. இத்தனை வருஷமாக வீட்டில் எல்லாரும் மார்தட்டிக்கொண்டிருந்த விஷயம் அது. எங்கள் வம்சத்தில் பெண்களுக்கு நோயே வந்ததில்லை என்று அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். பெண்ணே இல்லாத வம்சத்தில் பெண்ணுக்கு எப்படி நோய் வரும் என்று கேட்க, கேள்வி என்றே பெயர் வாங்கியவளுக்குக்கூடத் தோன்றவில்லை.

சில குடும்பங்களில் பழுதான ஒரு மரபணு இருக்கும், அது ஆண்கள் வழியாகவும் சத்தம் போடாமல் இறங்கி வரும் என்று டாக்டர் விளக்கினார். அப்பாவிடம் இருந்தால் பிள்ளைக்கு வருவது பூவா தலையா போடுகிற மாதிரி. ஆண்களிடம் அது பெரும்பாலும் சும்மா இருக்கும், சிலருக்கு மார்பிலோ கணையத்திலோ புராஸ்டேட் சுரப்பியிலோ வேலையைக் காட்டும். அப்படி யாருக்காவது வந்திருந்தால் விஷயமே வேறு. அப்போது ஸ்கேன் எடுத்துக்கொண்டு காத்திருப்பது போதாது, சினைப்பையில் வருவதை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க நம்பகமான வழி எதுவும் இல்லை. ரத்தம் பார்த்து, தேவையானால் சினைப்பையையும் கருக்குழாயையும் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டியிருக்கும். யாருக்கும் ஒன்றும் இல்லையென்றால் நிம்மதியாகக் காத்திருக்கலாம்.

“ஆம்பளைங்களுக்கு என்ன வந்துச்சுன்னு கேட்டுட்டு வாங்க” என்றார் டாக்டர்.

வீடு திரும்பும்போது அவளுக்குப் பயத்தைவிடத் துறுதுறுப்புதான் அதிகம். கட்டியைக்கூட மறந்துபோனாள். ஆனால் ஆண்களிடம் நோயைப் பற்றிக் கேட்பது என்ன வேலை என்று மறுநாள் கொட்டகைக்குப் போன பிறகுதான் புரிந்தது. வீட்டுக்காரர்கள் பரண்மேல் இருப்பதை மறைப்பதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் சும்மா இருக்கத் தெரியாதவர். தன் வயிற்றுக் கட்டியைச் சொல்லிவிட்டு, தாத்தா எதனால் போனார் என்று கேட்டாள். வயதாகிப் போனார் என்றார். வயது என்பது ஒரு நோயா என்று கேட்டதற்கு, வேலையைப் பார் என்று பதில் வந்தது. இறந்துபோன பெரிய சித்தப்பாவுக்கு என்ன? மஞ்சள் காமாலை. அம்மாதான் அன்று வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே, காமாலை கடைசியில் வந்தது, டாக்டர் அப்போதே கணையம் என்று ஏதோ சொன்னார், ஆண்கள் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றாள். கேள்விக்கு முதல் தடவையாக அடிவயிற்றுக் கனம் ஞாபகம் வந்தது.

கொட்டகையில் சின்ன சித்தப்பாவைப் பற்றிக் கேட்டதும் அப்பா சிரித்தார். அவனுக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறான், பீரோ விழுந்ததைத் தவிர அவன் ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்றார்.

பீரோ விழுந்த கதை அந்தக் கொட்டகையின் புராணம். சில வருஷங்களுக்கு முன்னால், அப்பாவும் சித்தப்பாவும் மட்டும் போன ஒரு வெளியூர் வேலையில், மூன்றாவது மாடியிலிருந்து இறக்கும்போது கயிறு நழுவி, இரும்பு பீரோ சித்தப்பாவின் நெஞ்சில் சாய்ந்துவிட்டதாம். ஆபரேஷன் செய்து, ஒரு மாதம் படுத்திருந்து எழுந்து வந்தார். அதிலிருந்து பீரோ என்றால் இரட்டைக் கயிறு. புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவனுக்கும் அப்பா இந்தக் கதையைச் சொல்லித்தான் முதல் முடிச்சைப் போடக் கற்றுக்கொடுப்பார். கேள்வியும் எத்தனையோ தடவை கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள். அன்றும் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த வாரத்திலேயே ஒரு வேலை வந்தது. ஒரு பியானோ ஆசிரியை வீடு மாறுகிறார். குறுகலான தெரு, லாரி திரும்புமா என்று சந்தேகம். வழி காட்டக் கேள்வியும் லாரியில் ஏறி சித்தப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். தெருமுனையில் சித்தப்பா இறங்கி, மகன்களிடம் பின்பக்கம் பார்த்துச் சொல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்கண்ணாடியில் ஒரே தூசி. துடைக்கத் துணி தேடி எதிரில் இருந்த பெட்டியைத் திறந்தாள். துணிக்குக் கீழே மாத்திரை அட்டை. பாதி தீர்ந்திருந்தது.

அவள் படிக்காத அட்டை உலகத்தில் உண்டா? எடுத்துப் படித்தாள். டமாக்சிஃபென். டாக்டரிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்ட அதே பெயர்.

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மகன்கள் இருவரும் பனியனோடு நின்றார்கள். சித்தப்பா மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஒரு காலத்தில் சட்டையைக் கழற்றி லாரிக் கதவில் மாட்டிவிட்டுத்தான் சாமானைத் தொடுகிறவர். எப்போது மாறினார்? பீரோவுக்குப் பிறகு. தழும்பைக் காட்டக் கூச்சப்படுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள், அவளும்தான்.

அட்டையை இருந்தபடியே வைத்து, அதன்மேல் துணியைப் போட்டு, பெட்டியை மூடினாள். சித்தப்பா ஏறி வந்து, என்ன பேச்சையே காணோம் என்று கேட்டபோது தலைவலி என்றாள். வாழ்நாளில் முதன்முதலாக அவளுக்கு ஒரு கேள்வியைக் கேட்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கொட்டகையில் அப்பா தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனாள்.

“அந்த பீரோ யார் வீட்டுதுப்பா?”

“எந்த பீரோ?”

“சித்தப்பா மேல விழுந்தது.”

அப்பா கயிற்றைக் கையில் சுற்ற ஆரம்பித்தார். பழைய விஷயம், யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று பூசி மெழுகினார். அவள் மாத்திரையைப் பார்த்ததைச் சொன்னாள். அது எதற்கான மாத்திரை என்றும் சொன்னாள். சுற்றிய கயிறு அப்பா கையிலிருந்து கழன்று கீழே விழுந்தது, அவர் எடுக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்ல வெளியே வந்தது. மார்புக் காம்புக்குப் பின்னால் ஒரு கட்டி. சித்தப்பா முதலில் அண்ணனிடம்தான் காட்டியிருக்கிறார். அப்பாதான் தெரிந்தவர் யாரும் இல்லாத வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஆபரேஷன் செய்து கூட்டி வந்திருக்கிறார். வரும் வழியில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து பீரோவை உருவாக்கினார்கள். சித்திக்கு மட்டும் உண்மை தெரியும். மகன்களுக்குக்கூடத் தெரியாது.

“அவன் ஆம்பளைம்மா” என்றார் அப்பா. “மார்புல கேன்சர்னு வெளிய தெரிஞ்சா தலை நிமிர்ந்து நடப்பானா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்.”

“எனக்குக் கட்டின்னு சொன்னப்பவும் வாய் திறக்கலையேப்பா நீங்க.”

“அது மார்பு. உனக்கு வயித்துல. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்தச் சம்பந்தத்தை அவர் மறைக்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரியாது. ஒரு வாரத்துக்கு முன்னால் அவளுக்கும்தான் தெரியாது. அந்த இரண்டையும் ஒரே கயிறு கட்டியிருக்கிறது, அந்தக் கயிறு தாத்தாவிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அவர்கள் மூவருக்கும் இறங்கி, தனக்கும் வந்திருக்கலாம் என்று விளக்கினாள். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். உன்னிடம் யாராவது கேட்டால் நான் சொல்லவில்லை என்று மட்டும் சொல், அவனாகச் சொல்ல வேண்டும் என்றார். அந்த நேரத்திலும் வாக்குதான் அவருக்குப் பெரிதாகப் போய்விட்டதே என்று நினைத்துக்கொண்டே அவள் கீழே கிடந்த கயிற்றை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

டாக்டரை ஃபோனில் கேட்டாள். நோய் வந்தவருடைய ரத்தத்தில் முதலில் தேடினால்தான் எதைத் தேடுகிறோம் என்று தெளிவாகத் தெரியும், சித்தப்பாவை அழைத்து வர முடியுமா என்றார். ஆக, அவர் சம்மதித்தே ஆக வேண்டும்.

பியானோ ஆசிரியை வீட்டில் மிச்சமிருந்த சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டுக் காலி லாரியில் சித்தப்பாவுடன் தனியாகத் திரும்பும்போது கேட்டாள். சுற்றி வளைக்கவில்லை. தன் கட்டியைச் சொன்னாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், மாத்திரையைப் பார்த்ததைச் சொன்னாள். அவர் வண்டியை ஓரம் கட்டவில்லை. நாலைந்து சிக்னல் தாண்டின. அவர் காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

“அங்க உக்காந்திருக்கிறவங்க பூரா பொம்பளைங்க, கேள்வி” என்று ஆரம்பித்தார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “வரிசையில உக்காந்திருப்பேன். பக்கத்துல இருக்கிற அம்மா, உங்க வீட்டுக்காரங்களுக்கு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. பரவாயில்லைங்கன்னு சொல்வேன். ஒவ்வொரு தடவையும் இதேதான். உங்க சித்திக்கு அங்க எவ்வளவு உடம்பு சரியில்லாமப் போயிருக்குன்னு அவளுக்கே தெரியாது.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும்தான், ரத்தம் கொடுத்தால் பெயர் எழுதுவார்களா, யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டார். டாக்டருக்கும் நமக்கும் மட்டும் என்றாள். எதற்கென்று எழுதுவார்கள் என்று மறுபடி கேட்டார். அவள் பொய் சொல்லவில்லை.

“உங்க பேர்லதான் எழுதுவாங்க சித்தப்பா. மார்பகப் புற்றுநோய்னு எழுதுவாங்க. நீங்க குடுக்கலைன்னா எனக்கு எதைத் தேடுறதுன்னு அவங்களுக்குத் தெரியாது.”

அவர் அடுத்த திருப்பத்தில் கொட்டகைப் பக்கம் திரும்பாமல் நேராகப் போனார். எங்கே என்று கேட்டதற்கு, “ஆஸ்பத்திரிக்குத்தான். நாளைக்குன்னா மனசு மாறிடும்” என்றார். பெரிய லாரியை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதற்குக் காவலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சித்தப்பாவின் ரத்தத்தில் அந்தப் பழுதான மரபணு இருந்தது. அடுத்தது அவள் முறை. காத்திருந்த வாரங்களில் அவள் யாரிடமும் அதிகம் பேசவில்லை, வீடு பார்க்கப் போன இடங்களில் ஒண்ணுமில்லை என்ற அலமாரிகளை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். பூவா தலையா என்று டாக்டர் சொன்னது, தட்டு கழுவும்போதும் மகளுக்குத் தலை பின்னும்போதும் மண்டைக்குள் சுற்றியது. முடிவு வந்தபோது அவளுக்கும் இருந்தது.

மகளுக்கு என்ன என்பதுதான் முதல் கேள்வி. அவள் வளர்ந்து, அவளாகவே முடிவெடுக்கிற வயதில் பார்த்துக்கொள்ளலாம், இப்போது அவசரமில்லை என்றார் டாக்டர். இரண்டாவதை டாக்டரே சொன்னார், இது அப்பா வழியில் வந்திருப்பதால் அப்பாவிடமும் இருந்தே தீரும், அவரையும் ஒருமுறை வந்து காட்டச் சொல்லுங்கள் என்று. அப்பா பிடிகொடுக்கவில்லை. சின்ன லாரிக்குப் பெயின்ட் அடித்து முடியட்டும் என்றார். பெயின்ட் அடித்து முடிந்ததும் மழை நிற்கட்டும் என்றார்.

அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. சினைப்பை இரண்டையும் குழாய்களையும் எடுத்தார்கள். நாற்பது வயதில் உடம்பு ஒரே இரவில் கோடைக்குள் போனதுபோல் தகித்தது, அழ வேண்டிய காரணமே இல்லாமல் அழுகை வந்தது. அதையும் டாக்டரிடம் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டதால் அழுகை நிற்கவில்லை, ஆனால் பயம் குறைந்தது.

எடுத்ததைச் சோதித்த முடிவு சில நாள் கழித்து வந்தது. டாக்டர் அதைச் சொல்லும்போது அவர் குரலிலேயே ஓர் ஆச்சரியம் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் எல்லாரும் அவளைப் பார்க்க வந்தார்கள். அப்பா, சித்தப்பா, அவருடைய மகன்கள் இருவர். பீரோவையே தோளில் தூக்குகிறவர்கள், ஒரு சோபாவில் நெருக்கியடித்துக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களின் வயிற்றுக்குள் நடக்கிற சமாசாரம் என்பதால் ஒருவரும் நேராகப் பார்க்கவில்லை. தம்பிமார் இருவரும் சுவர்க் கடிகாரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். வலிக்கிறதா என்று மூன்று பேர் மூன்று தடவை கேட்டார்கள்.

சித்தப்பாவுக்கு மட்டும் புரிந்தால் போதும் என்றுதான் அவள் சொல்ல ஆரம்பித்தாள். மற்றவர்களுக்கு அது வெறும் ஆபரேஷன் கதை. இத்தனை நாள் எல்லாரும் பயந்த அந்த எலுமிச்சம்பழக் கட்டி, பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்தில் குழாயின் நுனியில், கடுகளவு கூட இல்லாத ஓர் இடத்தில், புற்றுநோய் அப்போதுதான் கண் விழிக்கப் பார்த்திருக்கிறது. எந்த ஸ்கேனிலும் தெரிந்திருக்காது. கட்டியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால், கட்டி கரைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இப்போது எல்லாம் எடுத்தாகிவிட்டது, இனி அவ்வப்போது போய்க் காட்டினால் போதும்.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டென்று எழுந்து நின்றார். வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்து நின்றால் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை. மகன்களைப் பார்த்தார். அவர்களுக்கும் இப்போது வீட்டில் குட்டிப் பெண்கள் இருந்தார்கள்.

“எனக்கு மார்புல கேன்சர் வந்துச்சுப்பா” என்றார். “பீரோ எதுவும் விழலை. நானும் உங்க பெரியப்பாவும் சொன்ன பொய். உங்க பொண்ணுங்களுக்காகத்தான் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் ரத்தம் குடுத்துப் பாக்கணும்.”

சின்ன மகனுக்குப் பெண் பிறந்து இன்னும் ஒரு வயது நிறையவில்லை. மூத்தவன், மூன்றாவது மாடி என்று சொன்னதையெல்லாம் நம்பினேனே என்று முணுமுணுத்தான். பிறகு எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான், கட்டிப்பிடிக்கத் தெரியவில்லை, தோளில் கை வைத்தான். கேள்விக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அவ்வளவு பெரிய மனிதர் தன் அவமானத்தை எடுத்து வெளியே வைத்திருக்கிறார், கூரை இடிந்து விழவில்லை.

அப்பாதான் பேசினார். அவர் யாரையும் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்தார்.

“உனக்கு அது முதல்ல எப்படிடா இருந்துச்சு?” என்று தம்பியிடம் கேட்டார்.

“எது?”

“அந்தக் கட்டி. தொட்டா வலிச்சுதா?”

சித்தப்பா, வலிக்கவே இல்லை, கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக, தொட்டால் நகராமல் இருந்தது, அதனால்தான் அத்தனை மாதம் சும்மா இருந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனவர், பாதியில் நிறுத்திவிட்டு அண்ணனைப் பார்த்தார்.

“எனக்கும் வலிக்கல” என்றார் அப்பா.

கேள்வி மெத்தையில் கையூன்றி எழுந்தாள். தையல் சுரீரென்று இழுத்தது. முதலில் திட்டத்தான் தோன்றியது. பெயின்ட், மழை என்று இவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது யார்? அவர் பக்கத்தில் போய், தரையில் மெதுவாக உட்கார்ந்து, அவர் முழங்காலில் கை வைத்தாள்.

“எந்தப் பக்கம்பா?”

அப்பா இடது மார்பில் கையை வைத்துக் காட்டினார்.